கவுன்டி ஜெயில் பட்டியலில் ஒரு பெயரைத் தேடுவது

ஹூஸ்டனில் இருக்கும் மகன் இரண்டு நாளாக போன் எடுக்கவில்லை என்று வைத்துக்கொள்வோம். அவனோடு தங்கியிருக்கும் நண்பனைப் பிடித்துக் கேட்டால், "சனிக்கிழமை ராத்திரி போலீஸ் கூட்டிட்டுப் போச்சு ஆன்ட்டி, எங்கேன்னு தெரியல" என்கிறான். கோயம்புத்தூரில் இருக்கும் அம்மாவுக்கு அதற்கப்புறம் எதுவும் காதில் விழாது. நம் ஊராக இருந்தால் தெரிந்த வக்கீல், வார்டு கவுன்சிலர், ஸ்டேஷன் ரைட்டர் என்று யாரையாவது பிடிக்கலாம். அங்கே யாரைப் பிடிப்பது?

யாரையும் பிடிக்க வேண்டியதில்லை. அமெரிக்காவின் பெரும்பாலான இடங்களில், கைதானவரின் பெயர் சில மணி நேரத்தில் அந்தக் கவுன்டி ஷெரிஃபின் இணையதளத்தில் ஏறிவிடும். கவுன்டி என்பது நம் மாவட்டம் மாதிரி, ஷெரிஃப் என்பவர் பெரும்பாலும் அதன் ஜெயிலை நடத்தும் போலீஸ் அதிகாரி. பெயர், பிறந்த தேதி, குற்றச்சாட்டு, ஜாமீன் தொகை, பல இடங்களில் புகைப்படமும் இருக்கும். கட்டணம் கிடையாது. சில கவுன்டிகளின் தளம் வெளிநாட்டிலிருந்து திறக்காது. அப்போது அங்கே இருக்கும் யாரையாவது பார்க்கச் சொல்ல வேண்டும். மற்றபடி இது ஐந்து நிமிட வேலை.

ஐந்து நிமிட வேலைதான், எந்தக் கவுன்டி என்று தெரிந்தால். பலரும் தடுமாறுவது இங்கேதான். அமெரிக்காவில் 3,100-க்கும் மேற்பட்ட கவுன்டிகள் உண்டு. டெக்சஸில் மட்டும் 254. எல்லாவற்றுக்கும் பொதுவான ஒரே பட்டியல் கிடையாது. ஒருவர் எந்த ஊரில் குடியிருக்கிறார் என்பதைவிட, எந்த இடத்தில் கைதானார் என்பதுதான் முக்கியம். நம்மவர்கள் நிறையப் பேர் வசிக்கும் கேட்டி, ஹாரிஸ், ஃபோர்ட் பெண்ட், வாலர் என்று மூன்று கவுன்டிகளில் பரவிக் கிடக்கிறது. மீனாட்சி கோயில் இருக்கும் பேர்லேண்டும் அப்படித்தான். பெரும்பகுதி பிரசோரியா கவுன்டி, மிச்சம் ஹாரிஸிலும் ஃபோர்ட் பெண்டிலும். டாலஸ் மாநகரம் ஐந்து கவுன்டிகளைத் தொடுகிறது. ஃபிரிஸ்கோவில் தெரு மாறினால் காலின் கவுன்டியிலிருந்து டென்டன் கவுன்டிக்குப் போய்விடலாம். ஆகவே ஹூஸ்டனின் பெரும்பகுதி அடங்கும் ஹாரிஸ் கவுன்டியின் பட்டியலில் பெயர் இல்லை என்றவுடன் "அப்பாடா, கைதாகவில்லை" என்று முடிவுகட்டக் கூடாது. பக்கத்துக் கவுன்டிகளையும் பார்க்க வேண்டும்.

அப்புறம், ஜெயில் வேறு, பிரிசன் வேறு. தமிழில் இரண்டையும் சிறை என்றே சொல்லிவிடுகிறோம். அங்கே ஜெயில் என்பது கவுன்டி நடத்துவது. வழக்கு முடியாதவர்களும், பொதுவாக ஓராண்டுக்குட்பட்ட தண்டனை பெற்றவர்களும் இருக்கும் இடம். பிரிசன் என்பது மாநில அரசோ மத்திய அரசோ நடத்துவது. பெரிய தண்டனை பெற்றவர்கள் போகும் இடம். நேற்று ராத்திரி பிடிபட்டவரை மாநிலச் சிறைத் துறையின் தளத்தில் தேடினால் கிடைக்கவே மாட்டார். விதிவிலக்குகளும் உண்டு. கனெக்டிகட், ரோட் ஐலண்ட், டெலவேர், வெர்மான்ட், ஹவாய், அலாஸ்கா ஆகிய ஆறிலும் இரண்டையும் மாநிலமே நடத்துகிறது. லூசியானாவில் கவுன்டிக்குப் பெயர் பாரிஷ். நியூயார்க் நகரில் ஷெரிஃபைத் தேடிப் பயனில்லை. ரைக்கர்ஸ் தீவுச் சிறை நகரத்தின் சீர்திருத்தத் துறையிடம் இருக்கிறது.

புக்கிங் என்ற சொல்லுக்கு வருவோம். கைதானவரை ஜெயிலுக்குக் கொண்டுவந்ததும், அவர் உடைமைகளை எண்ணிப் பையில் போட்டு, கைரேகை எடுத்து, படம் பிடித்து, உடல்நலம் பற்றி நாலு கேள்வி கேட்டு, ஒரு எண் கொடுத்து உள்ளே அனுப்புகிறார்கள். இந்த மொத்தச் சடங்குக்கும் பெயர்தான் புக்கிங். ஹாரிஸ் கவுன்டியில் ஆளுக்கு ஒரு எண் உண்டு, எஸ்.பி.என் என்பார்கள். அது ஒருவருக்கு ஒருமுறை ஒட்டிவிட்டால் அடுத்த முறை வந்தாலும் அதே எண்தான். அங்கே 2019-ல் ஒரு கூட்டு மையம் திறந்தார்கள். அதுவரை ஹூஸ்டன் நகரப் போலீஸ் பிடித்தவர்கள் முதலில் நகர லாக்கப்புக்குப் போய், பிறகு கவுன்டிக்கு மாறுவார்கள்; இப்போது நேராக ஒரே இடம். பெரிய ஜெயில்களில் புக்கிங் முடியவே பாதி நாள் பிடிக்கலாம். அந்த இடைவெளியில் ஆள் கட்டடத்துக்குள் இருப்பார், பட்டியலில் இருக்க மாட்டார். வீட்டில் இருப்பவர்கள் மிரண்டுபோவது இந்த நேரத்தில்தான்.

பெயரைத் தட்டச்சு செய்வதிலும் நமக்கென்று ஒரு தனித் தொல்லை உண்டு. அமெரிக்கப் பதிவேடுகள் எல்லாம் முதல் பெயர், கடைசிப் பெயர் என்ற இரண்டு கட்டங்களில் உலகத்தை அடக்கப் பார்ப்பவை. நமக்கோ இனிஷியலும் அப்பா பெயரும்தான். பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர்க் கட்டத்தைக் காலியாக விட்டவர்களுக்கு அமெரிக்க விசாவில் என்ன நடக்கும் என்பது பலருக்குத் தெரிந்த கதை: இருக்கும் ஒரே பெயர் கடைசிப் பெயர்க் கட்டத்துக்குப் போய்விடும், முதல் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் 'எஃப்.என்.யு' என்ற மூன்று எழுத்துகள் வந்து உட்கார்ந்துகொள்ளும். 'முதல் பெயர் தெரியவில்லை' என்பதன் சுருக்கம் அது. அதே பெயரில் ஓட்டுநர் உரிமமும் வாங்கியிருந்தால், ஜெயில் பட்டியலிலும் நம் பையன் 'எஃப்.என்.யு'தான். செல்லப் பெயரைப் போட்டுத் தேடினால் எங்கிருந்து கிடைப்பான்?

அதனால் உரிமத்திலோ விசாவிலோ எப்படி இருக்கிறதோ அப்படியே தேடுங்கள். கிடைக்காவிட்டால் முதல் பெயரையும் கடைசிப் பெயரையும் மாற்றிப் போட்டுப் பாருங்கள். நீளமான பெயர் என்றால் முதல் நாலைந்து எழுத்துகளை மட்டும் கொடுங்கள். பல தளங்கள் அதை ஏற்கும். பிறந்த தேதியில் மாதம்தான் முதலில் வரும் என்பதையும் மறக்க வேண்டாம். பிறந்த தேதி பொருந்தாமல் பெயர் மட்டும் பொருந்தினால் அதை நம்பவும் வேண்டாம். ஒரே பெயரில் இரண்டு குமார்கள் இருப்பது ஈரோட்டில் மட்டும் நடக்கிற விஷயம் இல்லை.

சரி, பெயர் கிடைத்துவிட்டது. பக்கத்தில் இருக்கும் வரிகளைப் படிப்பதுதான் அடுத்த கண்டம். குற்றச்சாட்டு என்ற இடத்தில் இருப்பது தீர்ப்பு இல்லை. பெரும்பாலான கவுன்டிகளில் அது கைது செய்த அதிகாரி எழுதியது. அரசு வக்கீல் அதைக் குறைக்கலாம், மாற்றலாம், வழக்கே வேண்டாம் என்று விடலாம். ஹாரிஸ் கவுன்டியில் நடைமுறை சற்று வித்தியாசம். அங்கே போலீஸ்காரர் வழக்குப் போடும் முன் மாவட்ட அரசு வக்கீல் அலுவலகத்தை அழைத்து ஒப்புதல் வாங்க வேண்டும்; 24 மணி நேரமும் அதற்கென்றே ஆள் இருப்பார். அப்படி ஒப்புதல் வாங்கிய குற்றச்சாட்டும் குற்றச்சாட்டு மட்டுமே. அமெரிக்க நீதித் துறையின் புள்ளிவிவரப் பிரிவு சொல்வதன்படி, 2023 ஜூன் இறுதியில் உள்ளூர் ஜெயில்களில் இருந்தவர்கள் சுமார் 6,64,000 பேர். அவர்களில் ஏறத்தாழ 70 விழுக்காட்டினர் குற்றவாளி என்று தீர்ப்பாகாதவர்கள். அந்த ஓராண்டில் ஜெயில் வாசலைத் தாண்டி உள்ளே போனதாகப் பதிவானவை 76 லட்சம். ஒரே ஆள் பலமுறை போனதும் அந்தக் கணக்கில் சேரும். அப்படியும் அது சின்ன எண் இல்லை.

ஜாமீன் வரி இன்னும் குழப்பும். 5,000 டாலர் என்று இருந்தால் முழுத் தொகையும் கையில் வேண்டும் என்பதில்லை. முழுப் பணத்தையும் கவுன்டியில் கட்டினால், அவர் எல்லா வாய்தாவுக்கும் போன பிறகு திரும்பக் கிடைக்கும். இல்லையென்றால் பாண்ட்ஸ்மேன் என்ற தரகரிடம் வழக்கமாகப் பத்து விழுக்காடு கொடுக்கலாம். அது திரும்பி வராத பணம். சொந்த உறுதிமொழியில் பணமே கட்டாமல் வெளியே வருவதும் உண்டு. இல்லினாய் மாநிலம் 2023 செப்டம்பர் 18 முதல் பண ஜாமீனையே எடுத்துவிட்டது. பட்டியலில் 'நோ பாண்ட்' என்று போட்டிருந்தால் ஜாமீனே கிடையாது என்று பொருள்கொண்டு அழ வேண்டாம். பல நேரம் அதன் பொருள், இன்னும் மாஜிஸ்ட்ரேட் முன் நிறுத்தவில்லை என்பது மட்டும்தான். டெக்சஸில் 48 மணி நேரத்துக்குள் நிறுத்தியாக வேண்டும். வாரன்ட் இல்லாமல் கைதானவர் விஷயத்தில், கைதுக்குக் காரணம் உண்டா என்று 48 மணி நேரத்துக்குள் நீதிபதி பார்த்துவிட வேண்டும் என்பது 1991-ல் உச்ச நீதிமன்றம் நாடு முழுமைக்கும் வகுத்த பொது அளவு.

நிஜமாகவே கவலைப்பட வேண்டிய சொல் 'ஹோல்ட்'. வேறொரு கவுன்டியின் வாரன்டோ, 'விடாமல் எங்களிடம் ஒப்படையுங்கள்' என்று குடியேற்றத் துறை அனுப்பும் டிடெய்னரோ இருக்கிறது என்று அர்த்தம். அது இருக்கும்போது அவசரப்பட்டு ஜாமீன் கட்டினால், பையன் வீட்டுக்கு வராமல் குடியேற்றத் துறையின் காவலுக்குப் போக நேரலாம். தரகரிடம் பணம் கொடுப்பதற்கு முன்னால் வக்கீலிடம் பேச வேண்டிய இடம் இது.

பட்டியலில் இருந்த பெயர் மறுநாள் காணாமல் போனால்? வெளியே விட்டிருக்கலாம், வேறு இடத்துக்கு மாற்றியிருக்கலாம். பல ஜெயில் பட்டியல்கள் இப்போது உள்ளே இருப்பவர்களை மட்டுமே காட்டும். பழைய கைதைத் தேடுபவர்கள் நீதிமன்ற எழுத்தரின் தளத்துக்குப் போக வேண்டும். ஹாரிஸில் அது மாவட்ட கிளார்க் அலுவலகம். வழக்கு என்ன ஆனது என்பது அங்கேதான் இருக்கும். ஜெயில் பட்டியல் கதையின் முதல் பக்கத்தை மட்டும் வைத்திருக்கிறது, கடைசிப் பக்கம் நீதிமன்றத்தில். மத்திய அரசின் சிறையென்றால் 1982 முதல் உள்ள கைதிகளைத் தேட தனித் தளம் உண்டு. குடியேற்றக் காவலுக்கு இன்னொரு தளம். அதில் ஏ-எண்ணும் (குடியேற்றத் துறை ஒருவருக்குக் கொடுக்கும் பதிவு எண்) பிறந்த நாடும் வேண்டும், அல்லது பெயர் எழுத்துக்கு எழுத்து அப்படியே பொருந்த வேண்டும். மறுபடி அந்த 'எஃப்.என்.யு' வந்து குறுக்கே நிற்கும் இடம்.

இணையத்தில் இல்லாததை எழுத்து மூலமும் கேட்கலாம். நம் தகவல் அறியும் சட்டம் போல அங்கே மத்திய அரசுக்கு ஒரு சட்டம் உண்டு, ஆனால் அது கவுன்டியைக் கட்டுப்படுத்தாது. ஒவ்வொரு மாநிலத்துக்கும் தனிச் சட்டம். டெக்சஸ் சட்டத்தில் போலீஸ் விசாரணைக் கோப்புகளை மறைக்க நிறைய இடமிருக்கிறது. ஆனால் கைதானவர், கைது, குற்றம் பற்றிய 'அடிப்படைத் தகவலை' மறைக்க முடியாது. கலிஃபோர்னியா இன்னும் ஒரு படி மேலே போய், என்னென்ன சொல்ல வேண்டும் என்று சட்டத்திலேயே எழுதிவைத்திருக்கிறது: பெயர், தொழில், உயரம், எடை, கண் நிறம், கைதான நேரமும் இடமும், ஜாமீன் தொகை, விடுதலையான விதம்.

ஒருவனுடைய கண் நிறம் வரைக்கும் ஊருக்குச் சொல்ல வேண்டுமா என்று நமக்குத் தோன்றும். எனக்கும் முதலில் அப்படித்தான் தோன்றியது. ஆனால் இந்த வழக்கத்தின் வேர் வேறு இடத்தில் இருக்கிறது. அரசு ஒருவரைப் பிடித்தால், பிடித்தோம் என்று எல்லோரும் பார்க்கும்படி எழுதி வைக்க வேண்டும். ரகசியமாகப் பிடித்து வைக்க முடியக் கூடாது. ஆட்கொணர்வு மனுவை உருவாக்கிய அதே பயம்தான் இதற்கும் அடிப்படை. பட்டியல், பிடிபட்டவரின் பாதுகாப்புக்காக வந்தது. சரணடைந்தவர்களின், தடுத்து வைக்கப்பட்டவர்களின் பெயர்ப் பட்டியலைக் கொடுங்கள் என்று கேட்டு 2017-ல் கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் வீதியோரம் உட்கார்ந்த ஈழத் தாய்மார்களிடம் கேட்டால், இப்படி ஒரு பட்டியலின் மதிப்பைச் சொல்வார்கள்.

ஷெரிஃப் அலுவலகத்தின் மேசைமேல் தடித்த நோட்டாக இருந்தவரைக்கும் அது அந்த வேலையை மட்டும் செய்தது. தேவைப்பட்டவர் நேரில் போனார், உள்ளூர் நிருபர் தினமும் ஒரு பார்வை பார்த்தார். அது இணையத்துக்கு வந்ததும் வேறு ஆட்கள் வந்தார்கள். 2010 வாக்கில் ஒரு புது வியாபாரம் தலையெடுத்தது: கவுன்டித் தளங்களிலிருந்து புகைப்படங்களைக் கூட்டமாக அள்ளி, தன் தளத்தில் போட்டு, பெயரைத் தேடினால் முதலில் அதுவே வரும்படி செய்து, நீக்க வேண்டுமானால் நூற்றுக்கணக்கில் டாலர் கொடு என்று கேட்பது. வழக்கு தள்ளுபடியானவரும் கொடுக்க வேண்டும். ஒரு தளத்தில் கொடுத்து முடித்தால் அதே படம் இன்னொன்றில் முளைக்கும். 2013-ல் டெக்சஸ், ஜார்ஜியா, இல்லினாய், ஒரிகன், யூட்டா ஆகியவை இதற்கெதிராகச் சட்டம் போட்டன. அதே ஆண்டு அக்டோபரில் கூகுள் தன் தேடல் முறையை மாற்றி இந்தத் தளங்களைக் கீழே தள்ளியது. 2018-ல் கலிஃபோர்னியா இப்படியொரு தளத்தின் பின்னால் இருந்த நால்வர்மேல் மிரட்டிப் பணம் பறித்ததாக வழக்கே போட்டது. தொழில் தேய்ந்தது, ஆனால் அழியவில்லை.

அரசே செய்தால் என்ன ஆகும் என்பதற்கு பென்சில்வேனியாவின் பக்ஸ் கவுன்டி சாட்சி. அந்தக் கவுன்டி தன் ஜெயிலின் தேடல் பக்கத்தில் 1938 வரை பின்னோக்கிப் போகும் புக்கிங் பதிவுகளைத் திறந்துவிட்டது. பதிவே அழிக்கப்பட வேண்டும் என்று நீதிமன்றம் சொல்லியிருந்த ஒருவர் தன் படத்தை இணையத்தில் பார்த்துவிட்டு வழக்குத் தொடுத்தார். அது பாதிக்கப்பட்ட எல்லோருக்குமான கூட்டு வழக்காக விரிந்தது. 2019-ல் ஜூரி, பாதிக்கப்பட்ட ஏறத்தாழ 67,000 பேருக்குத் தலைக்கு 1,000 டாலர் என்று தீர்ப்புச் சொன்னது. பெருக்கிப் பார்த்தால் ஒரு கவுன்டிக்கு மூச்சு நின்றுவிடும் தொகை.

அதன் பிறகு மாநிலங்கள் கொஞ்சம் பின்வாங்கத் தொடங்கின. நியூயார்க் 2019-ல் புக்கிங் படங்களைப் பொதுவாக வெளியிடாமல் வைத்துக்கொள்ள வழி செய்தது. சான் பிரான்சிஸ்கோ போலீஸ் 2020-ல் படம் கொடுப்பதைப் பெரும்பாலும் நிறுத்தியது. யூட்டாவில் 2021 முதல், தண்டனை உறுதியாகும் வரை படம் வெளியே வராது. பெயர் இருக்கட்டும், முகம் வேண்டாம் என்ற இந்த நடுவழி எனக்குச் சரியாகப் படுகிறது. ஆளைக் கண்டுபிடிக்கப் பெயரும் பிறந்த தேதியும் போதும். முகம் பெரும்பாலும் வேடிக்கை பார்ப்பவர்களுக்குத்தான் உதவுகிறது. டெக்சஸில் பிள்ளை வைத்திருப்பவர்கள் இன்னொன்றையும் தெரிந்துகொள்ள வேண்டும்: அங்கே குற்றவியல் சட்டத்தின் பார்வையில் 17 வயதானவர் பெரியவர். பள்ளியில் படிக்கும் பையனின் பெயரும் பெரியவர்களின் ஜெயில் பட்டியலில் வரும்.

மோசடிக்காரர்களும் இந்தப் பட்டியலைத் தினமும் படிக்கிறார்கள். புதிதாக ஏறிய பெயரைப் பார்த்து, குடும்பத்தின் எண்ணைத் தேடிப்பிடித்து, "ஷெரிஃப் ஆபீசிலிருந்து பேசுகிறேன், இப்போதே பணம் அனுப்பினால் இன்று மாலையே விடுகிறோம்" என்பார்கள். புக்கிங் எண் வரை சரியாகச் சொல்வார்கள். அது யாரும் பார்க்கக்கூடிய எண் என்பது நமக்குத் தெரியாததால் நம்பிவிடுவோம். எந்த ஜெயிலும் கிஃப்ட் கார்டில் ஜாமீன் வாங்குவதில்லை. போனை வைத்துவிட்டு, தளத்தில் இருக்கும் எண்ணை நாமே அழைக்க வேண்டும்.

வேலை தேடும்போது என்ன ஆகும் என்பதற்கு வருவோம். பின்னணி சரிபார்ப்பு நிறுவனங்கள், தண்டனையில் முடியாத கைது ஏழு ஆண்டுக்கு மேல் பழையதானால் அறிக்கையில் காட்டக் கூடாது என்று மத்தியச் சட்டம் சொல்கிறது. கேட்க ஆறுதலாக இருக்கும். ஆனால் ஆண்டுச் சம்பளம் 75,000 டாலரோ அதற்கு மேலோ உள்ள வேலைக்கு அந்த வரம்பு பொருந்தாது. அதாவது நம் ஐ.டி. பிள்ளைகளில் பெரும்பாலோருக்கு அந்தக் குடை இல்லை.

விசாவில் இருப்பவருக்கு இணையப் பட்டியலைவிட, புக்கிங்கின்போது எடுத்த கைரேகைதான் பெரிய சங்கதி. அது எஃப்.பி.ஐ. வழியாக உள்நாட்டுப் பாதுகாப்புத் துறைக்கும் போகிறது. 2013-க்குள் நாட்டின் எல்லா ஜெயில்களும் இந்த வலையில் சேர்ந்துவிட்டன. குடித்துவிட்டு வண்டி ஓட்டியதற்கான கைது ஐந்து ஆண்டுக்குள் இருந்தால், தீர்ப்புக்குக் காத்திராமல் வெளியுறவுத் துறை விசாவை ரத்து செய்ய முடியும். ஷெரிஃபின் தளத்தில் படம் போடவில்லை என்பது இதில் எந்த வகையிலும் உதவாது.

வழக்கு தள்ளுபடியானால் டெக்சஸில் பதிவையே அழிக்கக் கோரலாம்; எக்ஸ்பங்ஷன் என்பார்கள். ஆணை கிடைத்தால் ஷெரிஃப், போலீஸ், நீதிமன்றம் எல்லாரும் தங்களிடம் இருப்பதை அழித்துவிட வேண்டும். இதில் ஒரு வேடிக்கையான சிக்கல். விசா விண்ணப்பம் "எப்போதாவது கைதானதுண்டா" என்றுதான் கேட்கிறது, மன்னிக்கப்பட்டிருந்தாலும் சொல் என்கிறது. ஆமாம் என்று எழுதினால், வழக்கு எப்படி முடிந்தது என்பதற்கு நீதிமன்ற முத்திரையோடு நகல் கேட்பார்கள். அதைத் தர வேண்டிய கவுன்டியோ, எங்களிடம் அப்படி ஒரு கோப்பே இல்லை என்று, சட்டப்படி சரியாகவே, சொல்லிவிடும். அதனால் விவரம் தெரிந்த வக்கீல்கள் அழிக்கும் மனுவில் கையெழுத்து வாங்குவதற்கு முன்பே, கிளார்க் அலுவலகத்தில் சான்றிட்ட நகல் நாலைந்து வாங்கி வீட்டில் பத்திரமாக வைத்துக்கொள்ளச் சொல்கிறார்கள்.